சாட்ரியானி ஆல்பங்கள்: எதைத் தேடிக் கேட்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

எட்டுப் பாட்டு முழுசாக, ஒன்பதாவது பாட்டில் கொஞ்ச நொடி. ஜோ சாட்ரியானி என்ற அமெரிக்க ராக் கிட்டார்காரரின் 'சர்ஃபிங் வித் த ஏலியன்' ஆல்பம் எனக்கு நாலு வருஷம் அவ்வளவுதான். ஹாஸ்டலில் பக்கத்து ரூம்காரன் அறுபது நிமிஷ கேசட்டில் பதிவு பண்ணிக் கொடுத்தான். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆல்பமோ முப்பத்தேழு நிமிஷத்துக்கு மேல். 'லார்ட்ஸ் ஆஃப் கர்மா' தப்பித்துப் பிழைத்து முடியும், அடுத்து 'மிட்நைட்' தொடங்கும், கிட்டார் கம்பிகள் மேல் ரெண்டு கை விரல்களும் நடக்க ஆரம்பித்த உடனே 'டக்' என்று பட்டன் மேலே எழும்பிவிடும். மறுபக்கம் திருப்பினால் சினிமாப் பாட்டு. மீதியை அங்கே போட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, "ரெண்டு பாட்டுதானே, விடு" என்றான். அந்த ரெண்டு பாட்டையும் சிடி வாங்கின பிறகுதான் கேட்டேன். அதிலும் முதல் சிடி, நகரத்தில் ஒரு கடையில் வாங்கினது, நாலாவது பாட்டில் கீறல் விழுந்து திக்கியது. மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், சரி, அது பழைய கதை.

இதைச் சொல்வதற்குக் காரணம், ஜோ சாட்ரியானியின் ஆல்பங்களை நான் வரிசையாகவோ ஒழுங்காகவோ கேட்டவன் இல்லை, கிடைத்தபோது கிடைத்ததைக் கேட்டவன். போன சில மாதமாகத்தான் 1986-ல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2022-ல் வந்தது வரை உட்கார்ந்து வரிசையாகக் கேட்டேன். சில பழைய அபிப்பிராயங்கள் கவிழ்ந்தன, சில இன்னும் பிடிவாதமாக நிற்கின்றன.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். பதினாலு வயதில், 1970 செப்டம்பரில், ஃபுட்பால் பயிற்சிக்குப் போன இடத்தில் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்த செய்தி கேட்டு, நேராகக் கோச்சிடம் போய் "நான் டீமிலிருந்து விலகுகிறேன், கிட்டார் வாசிக்கப் போகிறேன்" என்று சொன்னவர். அதற்குச் சில வருஷம் கழித்து லென்னி டிரிஸ்டானோ என்ற ஜாஸ் பியானோக்காரரிடம் பாடம் கேட்டார். இந்த டிரிஸ்டானோ ஒரு விசித்திரமான குரு, பெரிய வித்வான்களின் சோலோக்களை முதலில் வாயால் பாடச் சொல்வார், வாத்தியத்தைத் தொடுவது அப்புறம்தான். வீணை கற்றுக்கொள்ள வருகிறவரை முதலில் வாய்ப்பாட்டில் உட்கார வைக்கிற நம் பக்கத்துப் பழக்கம்தான் இது. சாட்ரியானியின் மெட்டுகளை ஏன் முணுமுணுக்க முடிகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம், இவர் அடிப்படையில் ஒரு வாத்தியார். பெரிய கிட்டார்காரரான ஸ்டீவ் வை சின்னப் பையனாக இவரிடம் கற்றவர். கலிஃபோர்னியாவில் பெர்க்லிக்கு வந்து ஒரு கிட்டார் கடையில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த காலத்தில் மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட், டெஸ்டமென்டின் அலெக்ஸ் ஸ்கோல்னிக், ப்ரைமஸின் லாரி லலோண்ட் என்று ராக் குழுக்களின் கிட்டார்காரர்கள் எல்லாரும் இவரிடம் வந்து போனவர்கள். சிஷ்யன் வை முந்திப் பேர் வாங்கிவிட்டார், வாங்கின பிறகு போகிற பேட்டியில் எல்லாம் குருவைப் பற்றிச் சொன்னார், அப்படித்தான் ஊருக்கு இவரைத் தெரிந்தது. இந்த வாத்தியார் புத்தி எல்லா ஆல்பத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் ஒரு பாடம் ஒளிந்திருக்கும். பாடம் மெட்டுக்குள் கரைந்திருந்தால் அந்தப் பாட்டை ஆயிரம் முறை கேட்கலாம், பாடம் துருத்திக்கொண்டு நின்றால் ரெண்டாவது தடவையே கை அடுத்த பட்டனுக்குப் போய்விடும். நான் கீழே சொல்கிற நல்லது கெட்டது எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு அளவுகோலில்தான்.

முதல் ஆல்பம் 'நாட் ஆஃப் திஸ் எர்த்', 1986. தபாலில் வந்த கிரெடிட் கார்டைத் தேய்த்து ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டிய ஆல்பம். கேட்கும்போதே தெரியும், கொஞ்சம் ஒல்லியான சத்தம், டிரம் எல்லாம் டப்பாவில் தட்டுகிற மாதிரி. ஆனால் தலைப்புப் பாட்டு இருக்கிறதே, அதை நம் காது உள்ளவர்கள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். பேஸ் கிட்டார் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டே இருக்கும், அதுதான் சா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்கள், மட்டும் மாறும். மேற்கத்திய கணக்கில் லிடியன், ஏயோலியன், மறுபடி லிடியன், அப்புறம் மிக்ஸோலிடியன் என்பார்கள். நம் கணக்கில் சொன்னால் கல்யாணி, நடபைரவி, திரும்பக் கல்யாணி, பிறகு ஹரிகாம்போதி. ஆதார சுருதி அசையாமல் ராகம் மட்டும் மாறுகிறது, சுத்தமான ராகமாலிகை வேலை. இவர் இதை 'பிட்ச் ஆக்சிஸ்' என்று சொல்வார், ராக் கிட்டார் படிக்கிற பையன்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவார்கள். நமக்கு அவ்வளவு விளக்கம் தேவையே இல்லை, கச்சேரியில் விருத்தம் கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். என்ன, கமகம் இருக்காது, அதை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மொத்த ஆல்பமாகப் பார்த்தால் அதில் நாலு பாட்டுதான் எனக்கு நிற்கிறது, 'ரூபினா' அதில் ஒன்று. ரூபினா அவர் மனைவி பேர், இந்தப் பேர் பின்னாலும் வரும்.

1987-ல் 'சர்ஃபிங் வித் த ஏலியன்'. பாட்டுக்காரரே இல்லாத ஒரு ராக் ஆல்பம் அமெரிக்க பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் 29-வது இடம் வரைக்கும் போனது, பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஏன் விற்றது என்று வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டால் வேகம் என்பார்கள், ஸ்வரங்களை விட்டுப்போகாமல் இழைக்கிற லெகாட்டோ என்பார்கள். என்னைக் கேட்டால், வாசிக்கத் தெரியாதவனும் இந்த ஆல்பத்தைப் பாட முடியும், அதனால்தான். தலைப்புப் பாட்டில் முதலில் ஒரு காற்று இரைச்சல், பிறகு திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்னத் துண்டு, ரிஃப் என்பார்கள், வந்து விழும், அதன் மேல் மெட்டு வரும்போது அது யாரோ பாடுகிற மாதிரிதான் இருக்கும், வாய் மட்டும் கிட்டார். 'சாட்ச் பூகி' பழைய பூகி ஆட்டம்தான், ஆனால் நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, ஒற்றை ஸ்வரத்தின் மேல் டேப்பிங் மட்டும் ஓடும், வலது கை விரலும் இடது கை விரலும் மாறி மாறிக் கம்பியைத் தட்டுகின்றன, நான் முதலில் கேட்டபோது கீபோர்டு என்றே நினைத்தேன். அங்கேயும் அதே ஆதார சுருதி விளையாட்டுதான், ஆனால் யார் கவனிக்கிறார்கள்? ஆட்டத்தில் பாடம் மறைந்துவிட்டது. நான் சொன்ன அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நாலாவது பாட்டு 'ஆல்வேஸ் வித் மீ, ஆல்வேஸ் வித் யூ'. ஆமாம், கீறல் விழுந்த அதே நாலாவது பாட்டு. கல்யாண வீடியோவில் போடுகிற அளவுக்கு இனிப்பான மெட்டு, சில பேருக்கு இது அதிக இனிப்பு, தப்பில்லை. எனக்குப் பிடித்தது நடுவில் வருகிற திருப்பம், மேஜரில் போய்க்கொண்டிருப்பது அதே சாவில் நின்றபடியே மைனராக இருண்டுவிடும், கொஞ்ச நேரம்தான், திரும்ப வெளிச்சம் வந்துவிடும். மொத்தமே மூன்றரை நிமிஷத்துக்குள். இதே ஆளுக்குப் பிற்காலத்தில் இதைச் சொல்ல ஆறு நிமிஷம் தேவைப்பட்டது என்பது என் குறை.

பல பாட்டுகளில் டிரம் மெஷின்தான், அது தெரியத்தான் செய்கிறது. 'க்ரஷிங் டே' கொஞ்சம் நீளம், கொஞ்சம் பாடப்புத்தகம். 'ஹில் ஆஃப் த ஸ்கல்' ரெண்டு நிமிஷம்கூட இல்லை, இருந்தாலும் எதற்கு என்று புரியவில்லை. ஆனால் கடைசியில் வருகிற 'மிட்நைட்', 'எக்கோ' ரெண்டையும் நாலு வருஷம் கழித்து முதல்முறை கேட்ட ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'மிட்நைட்' ஒன்றே முக்கால் நிமிஷம்தான், டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு இல்லாத சுத்தமான சத்தத்தில் முழுக்க முழுக்க டேப்பிங், மழை விட்ட பிறகு ஓட்டு முனையில் சொட்டுகிற மாதிரி. 'எக்கோ' அதற்கு நேர்மாறாக நிதானம். பக்கத்து ரூம்காரன் இந்த ரெண்டையும் விட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் என்ன போட்டிருந்தான் என்று நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அடுத்து 1989, 'ஃப்ளையிங் இன் எ புளூ ட்ரீம்'. பதினெட்டுப் பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல். அதில் ஆறில் இவரே பாடுகிறார். இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இவர் பாடக் கூடாது. 'ஐ பிலீவ்' மட்டும் விதிவிலக்கு, அதில் குரலில் ஒரு உண்மை இருக்கிறது. 'பிக் பேட் மூன்', 'த ஃபோன் கால்', 'ஸ்ட்ரேஞ்ச்' எல்லாம் கிட்டாருக்காகப் பொறுத்துக்கொள்வதுதான். ஒரு மிருதங்க வித்வான் கச்சேரி நடுவில் மைக்கை வாங்கிப் பாட ஆரம்பித்தால் எப்படி நெளிவோம், அப்படி.

ஆனால் தலைப்புப் பாட்டு! என்னைப் பொறுத்தவரை இவர் வாசித்ததிலேயே உச்சம் இதுதான், 'சர்ஃபிங்' ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். கீச்சென்று எழுகிற ஒரு ஃபீட்பேக், அதற்குள் யாரோ ஒரு சின்னப் பையன் பேசுவது போல ஒரு குரல் கலங்கலாகக் கேட்கும், அப்புறம் அகூஸ்டிக் கிட்டார் மெல்ல விரிக்கிற பாயில் அந்த மெட்டு வந்து உட்காரும். ஒரு தடவை அத்தை வீட்டில் இதைப் போட்டேன். அத்தை பத்து வருஷம் வீணை கற்றவர், சமையல்கட்டில் இருந்தவர் கையில் கரண்டியோடு வாசல்படி வரை வந்து நின்றார்.

"என்னடா இது, கல்யாணி மாதிரி இருக்கே?"

"ஆமா அத்தை, லிடியன்னு சொல்லுவாங்க, அதே ஸ்வரம்தான்."

கொஞ்ச நேரம் கேட்டார். மெட்டு அடுத்த இடத்துக்குத் தாவியது. அத்தை முகம் சுளித்தது.

"இப்பவும் கல்யாணிதான். ஆனா சுருதியையே தூக்கி வேற இடத்துல வச்சுட்டானே, அது எப்படி? கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா காலடியில தரை நகர்ற மாதிரி இருக்கு."

இதற்கு மேல் யாரும் இந்தப் பாட்டுக்கு விமர்சனம் எழுத முடியாது. 'நாட் ஆஃப் திஸ் எர்த்'தில் சா அசையாது, ராகம் மாறும். இங்கே ராகம் அதேதான், சா தான் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, சி-யில் தொடங்கி ஏ ஃப்ளாட், ஜி, எஃப் என்று. கல்யாணியின் அந்தப் பிரதி மத்திமம் ஒவ்வொரு இடத்திலும் மேலே இழுத்துப் பிடிக்கிறது, கீழே தரை நகர்கிறது, மிதக்கிற உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பல வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது, அத்தை கரண்டியோடு வந்து ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அப்புறம் அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்து உள்ளே ஓடிவிட்டார், அடுத்த பாட்டை அவர் கேட்கவில்லை. நல்லவேளை, அடுத்தது 'த மிஸ்டிகல் பொட்டேட்டோ ஹெட் க்ரூவ் திங்'. பேர் வைப்பதில் இவருக்கு ஒரு வெட்கமும் கிடையாது. பாட்டு என்னமோ பிரமாதம்தான், விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் கிறங்கிப் போகும்.

பதினெட்டில் பத்து எடுத்துக்கொண்டால் இதுதான் இவருடைய ஆகச் சிறந்த ஆல்பம். பதினெட்டும் சேர்த்துக் கேட்டால் களைத்துப் போவீர்கள்.

1992, 'தி எக்ஸ்ட்ரீமிஸ்ட்'. வாத்தியார் வகுப்பறையை விட்டு மைதானத்துக்கு வந்த ஆல்பம். தயாரிப்பு ஆண்டி ஜான்ஸ், லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நாலாவது ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்த மனிதர். டிரம்மில் கிரெக் பிஸோனெட், பேஸில் அவர் தம்பி மேட். முதல் பாட்டு 'ஃப்ரெண்ட்ஸ்' தொடங்கின உடனேயே தெரியும், இது மெஷின் தட்டுகிற டிரம் இல்லை, ஒரு அறையில் ஒரு ஆள் வியர்வை வழிய அடிக்கிறார், காற்று நகர்கிறது. 'சம்மர் சாங்' நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும், சோனி டிஸ்க்மேன் விளம்பரத்தில் வந்தது. தலைப்புப் பாட்டில் மௌத் ஆர்கன்கூட வாசிக்கிறார், அழுக்காக, நன்றாக. 'க்ரையிங்' மெதுவான பாட்டு, மெட்டைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை, விரல் வித்தையை வேண்டுமென்றே கட்டிப் போட்டிருக்கிறார். 'டியர்ஸ் இன் த ரெயின்' ஒன்றேகால் நிமிஷ நைலான் கம்பி வாசிப்பு, அதற்குள் முடிந்துவிட்டதே என்று இருக்கும். 'ரூபினாஸ் புளூ ஸ்கை ஹேப்பினெஸ்', பார்த்தீர்களா, மனைவி திரும்ப வந்துவிட்டார்.

புதிதாகக் கேட்கப் போகிறவருக்கு எதைக் கொடுப்பாய் என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பேன். என் முதல் விருப்பம் இது இல்லை, ஆனால் இதில் யாருக்கும் தலைவலி வராது.

அப்புறம் 1993 டிசம்பரில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் கச்சேரிப் பயணத்தின் நடுவில் அதன் கிட்டார்காரர் ரிச்சி ப்ளாக்மோர் கோபித்துக்கொண்டு போக, அந்த இடத்தில் ஜப்பானில் போய் நின்றவர் இவர்தான், அடுத்த வருஷம் ஐரோப்பாவும் போனார். அங்கேயே தங்கிவிடவில்லை. தங்கியிருந்தால் அடுத்து வந்த 1995 ஆல்பம் நமக்குக் கிடைத்திருக்காது, அதற்குப் பேரே 'ஜோ சாட்ரியானி'தான். இதன் தயாரிப்பாளர் க்ளின் ஜான்ஸ், முந்தைய ஆண்டி ஜான்ஸின் அண்ணன். நேதன் ஈஸ்ட் பேஸ், மனு கட்சே டிரம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த சத்தம், ப்ளூஸ் வாடை, மின்னல் வேகம் எல்லாம் அடக்கம். அந்தக் காலத்தில் கேட்டபோது எனக்கு எரிச்சல், என்ன இது, கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாரே என்று. இருபத்தி ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் 'கூல் நம்பர் நைன்' பாட்டின் பேஸும் டிரம்மும் மட்டுமே அரைமணி நேரம் கேட்கலாம் போல இருக்கிறது. வயசாகிறது என்று அர்த்தமா, காது தெளிந்தது என்று அர்த்தமா, தெரியவில்லை. ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்காத ஆல்பம். பிடிக்காதவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோனில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

1998 'க்ரிஸ்டல் பிளானட்' மறுபடி ராக்கெட் ஏறினது. 'அப் இன் த ஸ்கை', 'ராஸ்பெர்ரி ஜாம் டெல்டா வி', 'செரிமனி', 'எ ட்ரெயின் ஆஃப் ஏஞ்சல்ஸ்', எல்லாம் நல்ல பாட்டு, கேட்கும்போது உற்சாகம். ஆனால் பதினைந்து பாட்டும் ஒரே பளபளப்பில் ஓடுவதால் ஏழாவது எட்டாவது வரும்போது எது எது என்று குழம்பிவிடும். 'லவ் திங்' மட்டும் தனியாக நிற்கும், ஏனென்றால் அதில் எதையும் நிரூபிக்க வரவில்லை. கிட்டார் வாசிக்கிற நண்பர்கள் எல்லாரும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், நான் பாதி வழி வரை கூட வருகிறேன்.

2000-ல் 'எஞ்சின்ஸ் ஆஃப் க்ரியேஷன்'. டெக்னோ. எரிக் கோடியூ என்பவரோடு உட்கார்ந்து கணினியில் கட்டின ஆல்பம். வந்த புதிதில் திட்டாத ஆள் இல்லை, நானும்தான். இப்போது என்ன சொல்கிறேன் என்றால், பாதி திட்டு நியாயம், பாதி அநியாயம். அந்த எலக்ட்ரானிக் தாளங்களில் சில அந்த வருஷத்தோடு காலாவதி ஆகிவிட்டன, பழைய கம்ப்யூட்டர் கேம் மாதிரி கேட்கிறது. ஆனால் 'அன்டில் வி சே குட்பை' அப்படியே நிற்கிறது, 'க்ளவுட்ஸ் ரேஸ் அக்ராஸ் த ஸ்கை' இரவு நேர பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்க இவ்வளவு பொருத்தமாக வேறு ஒன்று எனக்கு அமையவில்லை. நான் முன்னே டிரம் மெஷினைக் குறை சொன்னதும் இங்கே வந்து நிற்கவில்லை பாருங்கள். மெஷினா மனுஷனா என்பதே கேள்வி இல்லை போல, மெட்டு இருந்தால் அது எதன் மேலும் உட்காரும்.

லைவ் ஆல்பங்களில் 'லைவ் இன் சான்ஃபிரான்சிஸ்கோ', 2001-ல் வந்தது, ரெண்டு சிடி. ஸ்டூடியோ பாட்டுகள் மேடையில் வரும்போது கொஞ்சம் அழுக்காகி, சூடாகி, அதிலும் ஸ்டூவர்ட் ஹாம் பேஸ் வாசிக்கும்போது... இதை ஒன்று வாங்கிவிட்டால் பழைய பாட்டுகள் பாதிக்கு வேறு எதுவும் தேவைப்படாது. ஸ்டீவ் வை, எரிக் ஜான்சன் என்ற ரெண்டு கிட்டார்காரர்களோடும் சேர்ந்து 1996-ல் தொடங்கின ஜி3 கச்சேரிகளின் பதிவும் இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து கடைசியில் வாசிக்கிற இடம் எனக்கு எப்போதும் தனி ஆவர்த்தனத்தில் மூன்று மிருதங்கம் மோதிக்கொள்கிற மாதிரி இருக்கும். பார்க்கச் சுகம், வீட்டில் போட்டுக் கேட்கச் சுமார்.

2002 'ஸ்ட்ரேஞ்ச் பியூட்டிஃபுல் ம்யூசிக்', இதை யாரும் பேசுவதில்லை, ஏன் என்றே தெரியவில்லை. 'ஸ்டாரி நைட்' கேளுங்கள், 'மைண்ட் ஸ்டார்ம்' கேளுங்கள். 'ஸ்லீப் வாக்' பழைய பாட்டு, அதில் ராபர்ட் ஃப்ரிப் என்ற கிட்டார்காரர் கூட வாசிக்கிறார். 'பெல்லி டான்சர்' மாதிரியானவற்றில் கிழக்கத்திய வாடையைப் பேருக்குத் தூவியிருக்கிறார், நம் காதுக்கு அது ஹோட்டலில் 'இந்தியன் ஸ்பெஷல்' என்று எழுதிவைத்த சூப் மாதிரி. அதே ஆள் 2008 ஆல்பத்தில் 'ஆஷிக் வெய்செல்' என்று ஒரு பாட்டு வாசித்தார், கண் தெரியாத துருக்கிய நாட்டுப்புறப் பாடகருக்கு அஞ்சலி, அவர் சாஸ் என்ற நீளக் கழுத்து வாத்தியம் வாசித்தவர். அது தூவின வாடை இல்லை, உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து வாசித்த வாசிப்பு. வித்தியாசம் முதல் நிமிஷத்திலேயே தெரியும். ஆல்பத்தின் பேர் 'ப்ரொஃபசர் சாட்சஃபங்கிலஸ் அண்ட் த மஸ்டீரியன் ஆஃப் ராக்', இதைக் கடையில் வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

2004 'இஸ் தேர் லவ் இன் ஸ்பேஸ்' ஆல்பத்தை ஒரு வழக்கால்தான் எல்லாருக்கும் தெரியும். அதில் வருகிற 'இஃப் ஐ குட் ஃப்ளை' பாட்டின் மெட்டைத்தான் கோல்ட்ப்ளே என்ற ஆங்கிலேயக் குழு 'விவா லா விடா' பாட்டில் எடுத்துக்கொண்டார்கள் என்று 2008 டிசம்பரில் இவர் வழக்குப் போட்டார், அவர்கள் இல்லவே இல்லை என்றார்கள், 2009 செப்டம்பரில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டவன் நான், ஒற்றுமை இருக்கிறது, அந்த மாதிரி இறங்கி வருகிற மெட்டு உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தோன்றவும் செய்யும், ரெண்டும் உண்மை. என் வருத்தம் வேறு. வழக்குச் செய்தி படித்துவிட்டுப் பாட்டைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு மெட்டை ஒப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள், பாட்டின் மீதியை யாரும் கேட்கவில்லை. அதன் கடைசிப் பகுதியில் வாசிப்பு விரிகிற விதம் அருமை.

அதற்கப்புறம் வந்தவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் ஓட்டமாகத்தான் கேட்டேன். 'சூப்பர் கலாசல்' கனமாக இருக்கிறது, மனசில் நிற்கவில்லை. பாடகர் சாமி ஹேகரோடு சேர்ந்த சிக்கன்ஃபுட் குழுவின் ஆல்பம் 2009-ல் வந்தது, பாட ஒரு ஆள் இருக்கிறார், அதனால் நமக்கு நிம்மதி. 2013 'அன்ஸ்டாப்பபிள் மொமென்டம்' நல்ல ஆல்பம், வின்னி கொலயூட்டா டிரம் வாசிக்கிற ஒரே காரணத்துக்காகவே கேட்கலாம், அந்த மனிதர் சும்மா தாளம் போடும்போதே நாலு கதை சொல்லுவார். 2015 'ஷாக்வேவ் சூப்பர்நோவா' நீளம். 2018 'வாட் ஹேப்பன்ஸ் நெக்ஸ்ட்' நேரடியான ராக், பேஸில் க்ளென் ஹ்யூஸ், டிரம்மில் சாட் ஸ்மித். ஆனால் சத்தத்தை அமுக்கி அமுக்கி சுவர் மாதிரி ஆக்கிவிட்டார்கள், நாலு பாட்டுக்கு மேல் காது சோர்ந்துவிடுகிறது. 2020 'ஷேப்ஷிஃப்டிங்' ஒரு தடவை கேட்டேன், திரும்பப் போகவில்லை, ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆச்சரியம் 2022-ல் வந்த 'தி எலிஃபண்ட்ஸ் ஆஃப் மார்ஸ்'. கொரோனா காலத்தில் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து பதிவு பண்ணி அனுப்பிச் சேர்த்த ஆல்பம். அறுபத்தைந்து வயசில் ஒரு மனிதர், பெரிய ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லாமல் வீட்டில் ஒரு மென்பொருளில் கிட்டாரைச் சொருகி வாசித்தால் எப்படி இருக்கும் என்று அலட்சியமாகத்தான் போட்டேன். முதல் பாட்டு 'சஹாரா' முடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலைப்புப் பாட்டில் கிட்டார் யானை பிளிறுகிற மாதிரியே கத்தும், சிரிப்பு வரும், அடுத்த நிமிஷம் அதே பாட்டு எங்கேயோ கொண்டுபோய்விடும். 'ஈ 104த் ஸ்ட்ரீட் என்ஒய்சி 1973'-ல் ஜாஸ் நடை, பழைய டிரிஸ்டானோ வகுப்பு ஞாபகம் வந்தது எனக்கு, அவருக்கு வந்ததா தெரியாது. பதினாலு பாட்டு, மூன்றை வெட்டியிருக்கலாம், இந்த மனிதருக்கு எப்போதுமே வெட்ட மனசு வராது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 'சர்ஃபிங் வித் த ஏலியன்' பழைய அட்டையில் மார்வெல் காமிக்ஸின் சில்வர் சர்ஃபர் அலைச்சறுக்குப் பலகையில் பறந்து வருவார். அந்தப் படத்துக்கான உரிமம் முடிந்துவிட்டது, இப்போது வருகிற பதிப்புகளில் வேறு அட்டை. பாட்டு அதேதான், இருந்தாலும் அந்த வெள்ளி மனிதர் இல்லாமல் அது எனக்கு அந்த ஆல்பமாகவே தெரியவில்லை. பழைய சிடி கிடைத்தால் விடாதீர்கள். என்னுடையது திக்குகிற சிடிதான், நாலாவது பாட்டில் ரெண்டு நிமிஷம் தாண்டினதும் 'டிக் டிக்' என்று நிற்கும், ஆனால் அட்டை புதுசு மாதிரி இருக்கிறது. பக்கத்து ரூம்காரன் போன வாரம் அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாயா என்று கேட்டான். 'மிட்நைட்' பாதியில் அறுந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவனுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. கொடுக்கவில்லை.